ஏழாம் சேனலும் டெல்மரின் நாற்றுகளும்

என் மகள் மாரிட் ஐஸ் ஹாக்கியில் கோலி, கோல் காப்பவள். எட்டு வருஷமாக. இந்த எட்டு வருஷத்தில் அவள் ஆடிய ஒரு மேட்சைக்கூட நான் முழுசாகப் பார்த்ததில்லை. எதிரணிக்காரி மட்டையால் ரப்பர் வட்டைத் தட்டிக்கொண்டு அவளை நோக்கி வரும்போது என்னால் உட்கார்ந்திருக்க முடியாது. எழுந்து வெளியே வந்து காபி இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்றுகொள்வேன். உள்ளே எழும் கூச்சலை வைத்தே கோலா இல்லையா என்று ஊகித்துக்கொள்வேன். வீட்டுக்குத் திரும்பும்போது, "பிரமாதமா ஆடினடி" என்பேன். கோலிகளின் அம்மாக்கள் பாதிப் பேர் அந்த இயந்திரத்தின் பக்கம்தான் நிற்பார்கள். ஆனால் அவர்கள் யாரும் மகளிடம் பொய் சொல்லி மாட்டிக்கொண்டதாகத் தெரியவில்லை.

நான் மாட்டிக்கொண்டேன். ஜனவரியில் ஒரு நாள் காரில் வரும்போது, "கடைசிப் பதினேழு நிமிஷம் நீ பிடிச்ச பிடி இருக்கே!" என்று ஆரம்பித்தேன். அந்தப் பதினேழு நிமிஷமும் பயிற்சியாளர் அவளை வெளியே உட்காரவைத்துவிட்டு வேறொரு பெண்ணை நிறுத்தியிருந்தார்.

"அது நான் இல்லம்மா" என்றாள் மாரிட். கொஞ்ச தூரம் போன பிறகு, "எத்தனை மேட்ச் இப்படி?" என்று கேட்டாள்.

"எல்லாமே" என்றேன். வேறென்ன சொல்வது?

அதற்குப் பிறகு அவள் என்னிடம் ஹாக்கி பற்றி வாயே திறக்கவில்லை. உப்பு எங்கே, சாவி எங்கே என்ற அளவோடு பேச்சு நின்றது. பிப்ரவரி நடுவில் அவர்கள் அணி மாநிலப் போட்டிக்குத் தேர்வானது. ஹெல்மோ ஏரி ஊருக்கு இருபது வருஷத்தில் முதல் தடவை. ஊரே துள்ளியது. நான் மட்டும் ஒரு காலை நாற்காலியில் தூக்கிப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதற்கு ஒரு வாரம் முன்னால்தான் பனியில் வழுக்கி விழுந்து கணுக்கால் உடைந்திருந்தது. உள்ளே தகடும் ஆறு திருகாணியும். நாலு மணி நேரம் உட்கார்ந்து, போட்டி நடக்கும் செயின்ட் பாலுக்குப் போகக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

"டிவியில பார்க்கிறேன் மாரிட். ஒரு நொடி விடாம. சத்தியமா" என்றேன், அவள் பையைக் கட்டிக்கொண்டிருந்தபோது.

"நம்ம டிவியிலயா?" என்று கேட்டுவிட்டு, அப்பாவோடு அணியின் பஸ்ஸில் போய்விட்டாள்.

அந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது. எங்கள் ஏரிக்கரைக்கு இணையம் வருவது பேருக்குத்தான். வீடியோ என்றால் அந்தச் சின்ன வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். டிவி என்றால் கூரைமேல் என் கணவர் டுவெய்ன் ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஏற்றிய ஆண்டெனாதான். தெற்கே அறுபது மைல் தள்ளியிருக்கிற கோபுரத்தைப் பார்த்து நிற்கிறது. ஜனவரி வரை ஒரு குறையும் இல்லை. ஜனவரிக் கடைசியில் ஏழாம் சேனல் மட்டும் கெட்டது. முகங்கள் சதுரம் சதுரமாக உடையும், பேச்சு விக்கும், அப்புறம் நீலத் திரையில் "சிக்னல் இல்லை" என்று வரும். மற்ற பதினொரு சேனலும் துடைத்துவைத்த கண்ணாடி மாதிரி வந்தன. சமையல் வேண்டுமா, பழைய துப்பறியும் தொடர் வேண்டுமா, நகை விற்பனை வேண்டுமா, எல்லாம் தெளிவோ தெளிவு. மாநிலப் போட்டி வருவது ஏழில். என் நேரம் அப்படி.

கால் உடைவதற்கு முன்னாலேயே நான் செய்து பார்க்காதது எதுவும் பாக்கி இல்லை. சேனல்களை அழித்துவிட்டுத் திரும்பத் திரும்பத் தேடவைத்தேன். கேபிளின் இரண்டு முனையையும் கழற்றி, துடைத்து, இறுக்கினேன். படுக்கையறை டிவிக்குப் பிரிந்து போகும் ஸ்பிளிட்டரைப் பிடுங்கி எறிந்தேன். டுவெய்ன் ஒரு பூஸ்டர் வாங்கிவந்து மாட்டினார். முன்னே ஏழு மட்டும் உடைந்தது. பூஸ்டர் வந்த பிறகு நகை விற்பனையும் சேர்ந்து உடைந்தது. "ஒரு வாரம் பழகட்டுமே" என்றார் அவர். பூஸ்டர் என்ன நாய்க்குட்டியா, பழகுவதற்கு? கழற்றச் சொன்னேன்.

பிறகு எங்கள் அலுவலகத்தில் ஒருவர் வழி சொன்னார். ஏழாம் சேனல் மட்டும் பழைய நீள அலையில் வருகிறதாம். பக்கத்தில் எங்கோ ஒரு மட்டமான மின்சாதனம் இரைச்சல் கிளப்பினால் முதலில் அடிவாங்குவது அந்த அலைதானாம். பேட்டரியில் ஓடும் சின்ன ரேடியோவை, எந்த நிலையமும் இல்லாத இடத்தில் திருப்பிவைத்துக்கொண்டு நடந்து பார், எங்கே உறுமல் கூடுகிறதோ அங்கேதான் திருடன் என்றார்.

நடந்தேன். எங்கள் வீட்டுக்குள் ஒன்றுமில்லை. கொல்லையில் கொஞ்சம். வேலியைத் தாண்டியதும் கூடியது. பக்கத்து வீட்டு டெல்மரின் கேரேஜ் கதவருகே போனதும் ரேடியோ காதைக் கிழித்தது. கதவின் கண்ணாடி வழியே பார்த்தேன். உள்ளே ஊதா வெளிச்சம். மூன்று அடுக்கு மேசைகளில் பெட்டூனியா, மிளகாய், வெங்காய நாற்றுகள். ஒவ்வொரு அடுக்கின் மேலும் வரிசையாக மலிவான எல்இடி விளக்குகள். வசந்தகாலத்தில் தேவாலயத்து விற்பனைக்கு டெல்மர் வளர்க்கிறவை. பிடித்துவிட்டேன் என்ற சந்தோஷத்தில் திரும்பினேன். அவருடைய பனிப்பாதையில் கால் வழுக்கியது. மடக்கென்று ஒரு சத்தம்.

ஓடிவந்து தூக்கியது டெல்மர்தான். எழுபத்திரண்டு வயது, பனிக்கட்டியில் மண்டியிட்டு என் தலையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டார். "பாதையில பனி உருக உப்பு போட மறந்துட்டேனே ரோண்டா! என் தப்பு, என் தப்பு!" என்று அழாத குறை. அந்த நிலையில், "உங்க விளக்குதான் என் டிவியைக் கெடுக்குது, உளவு பார்க்க வந்தேன்" என்று எப்படிச் சொல்வேன்? "உங்க தபால் எங்க பெட்டியில கிடந்தது, கொடுக்க வந்தேன்" என்றேன். தபால் எங்கே என்று அவர் கேட்கவில்லை. எங்கள் ஊரில் யாரும் கேட்கமாட்டார்கள்.

அன்றிலிருந்து என் வீட்டு வாசலில் பனி தங்கியதில்லை, அடுப்பில் நான் சமைத்ததும் இல்லை. ஒரு நாள் விட்டு ஒரு நாள் டெல்மர் ஹாட்டிஷ் கொண்டுவந்தார். மாட்டுக் கொத்துக்கறி, காளான் சூப், மேலே உருளைக்கிழங்கு உருண்டைகள். சாப்பிடும் ஒவ்வொரு வாயும் என்னைக் குற்றவாளியாக்கியது. சுற்றிவளைத்துச் சொல்லிப் பார்த்தேன்.

"உங்க கேரேஜ்ல வெளிச்சம் ரொம்பத்தான் இருக்கு, இல்ல?"

"ஆமா! கண்ணுல பட்டுதா? ரொம்ப நல்ல விளக்கு. விலையும் கம்மி."

"பகல் பூரா எரியுமோ?"

"பதினாலு மணி நேரம். நாற்றுக்கு அது வேணும்."

"நம்ம ஏழாம் சேனல்கூட இப்பல்லாம் ஒரு மாதிரிதான் வருது."

"அப்படியா? நான் டிஷ் வெச்சிருக்கேன், எனக்குத் தெரியல. பாவம்" என்றார்.

மறுநாள் சாயங்காலம் கையில் ஒரு விளக்கோடு வந்தார். வெளிச்சத்தைப் பற்றி நான் பேசியதை அவர் ஏக்கம் என்று எடுத்துக்கொண்டுவிட்டார். வேண்டாம் என்றேன். மறுபடியும் வேண்டாம் என்றேன். மூன்றாவது தடவை வேண்டாம் என்பது இங்கே முகத்தில் அடிப்பதற்குச் சமம். அதே மலிவு விளக்கை என் கேரேஜ் வாசலிலேயே ஏணி போட்டு ஏறி மாட்டிவிட்டுப் போனார். அணைத்துவைத்தால் அவர் வீட்டுச் சமையலறை ஜன்னலிலிருந்து தெரியும். அதனால் எரியவிட்டேன். இப்போது இரைச்சல் இரண்டு பக்கத்திலிருந்தும்.

மேட்ச் அன்று புதன்கிழமை. பதினொரு மணிக்கு ஆட்டம். பத்தரைக்கே ஊன்றுகோலை ஊன்றிக்கொண்டு கேரேஜுக்குப் போய் அந்த விளக்கை அணைத்தேன். திரும்பிவந்து பார்த்தால் ஏழாம் சேனலில் கொஞ்சம் உயிர். சிக்னல் அளவு இருபத்தெட்டு என்றது. முப்பத்தைந்து வந்தால் படம் உடையாமல் நிற்கும். ஊன்றுகோலால் கேபிளைத் தட்டினேன். முப்பது. டிவியை அரை அடி நகர்த்தினேன். இருபத்தாறு. பழையபடி நகர்த்தினேன். இருபத்து நாலு. அந்தப் பெட்டியைத் தூக்கி ஏரியில் போட்டால் என்ன என்று தோன்றியது. ஏரி உறைந்துகிடக்கிறது, உள்ளேகூடப் போகாது.

ஆட்டம் தொடங்கியது. மாரிட்டை ஒரு நொடி பார்த்தேன், வெள்ளை முகமூடி, முப்பத்தொன்றாம் எண். உடனே சதுரங்களாக உடைந்தாள். "ஹெல்மோ ஏரிக்… வெஸ்ட்ஃபீல்ட் வட்… இடது ஓர…" என்று வர்ணனைக்காரர் விக்கினார். பிறகு நீலத் திரை. பிறகு ஒரு பெண்ணின் பாதி ஹெல்மெட். பிறகு கூச்சல். யார் கோல்? யாருக்குக் கோல்? படம் வந்தபோது எதிரணி வெஸ்ட்ஃபீல்ட் 1, நாங்கள் 0. என் மகள் வாங்கிய முதல் கோலை நான் பார்க்கவில்லை. காபி இயந்திரத்தின் பக்கத்தில் நின்றிருந்தால்கூட இதைவிட அதிகம் தெரிந்திருக்கும்.

அப்போதுதான் டெல்மர் உள்ளே வந்தார். கையில் ஹாட்டிஷ் பாத்திரம்.

"உன் கேரேஜ் விளக்கு அணைஞ்சு கிடந்தது ரோண்டா. போட்டுட்டு வந்தேன்" என்றார்.

நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். திரையில் இருந்த கொஞ்சநஞ்சமும் போயிற்று.

"அட, படமே வரலையே. ஆண்டெனா திரும்பியிருக்கும். நான் ஏறிப் பார்க்கட்டுமா?"

"வேண்டாம் டெல்மர்."

"எனக்கு ஒண்ணும் சிரமம் இல்ல."

"வேண்டாம், பூஜ்யத்துக்குக் கீழ எட்டு டிகிரி."

"எட்டுதானே!" என்று போய்விட்டார். மூன்றாவது வேண்டாம் சொல்ல எனக்கு அவகாசமே தரவில்லை. கூரையில் பூட்ஸ் சத்தம் கேட்டது. கிரீச்சென்று எதுவோ திரும்பியது. நகை விற்பனை செத்தது. சமையல் செத்தது. பதினொரு சேனலும் வரிசையாக நீலமாயின. "இப்ப?" என்று மேலிருந்து கத்தினார். "இல்ல!" என்று கத்தினேன். "இப்ப?" "இல்ல!" முதல் பகுதி முடிந்தது. இடைவேளையும் முடிந்தது. ஒருவழியாகப் பழைய திசைக்கே கொண்டுவந்துவிட்டு, மீசையில் பனியோடு இறங்கிவந்து என் பக்கத்தில் சோபாவில் உட்கார்ந்தார்.

இரண்டாம் பகுதி தொடங்கியிருந்தது. எங்கள் அணி எப்போதோ ஒரு கோல் போட்டிருக்கிறது, 1–1. அதையும் நான் பார்க்கவில்லை. திரையில் என் மகள் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு பச்சைச் சதுரம் நடுங்கிக்கொண்டிருந்தது.

"இந்த ஏழாம் சேனல்காரனுக்கு நீ ஒரு கடுதாசி எழுதணும் ரோண்டா" என்றார் டெல்மர். "சாப்பிடறியா? சூடா இருக்கு."

எனக்குள் எதுவோ அறுந்தது.

"டெல்மர், உங்க விளக்கை அணைங்க."

சிரித்தார். "என்னம்மா?"

"உங்க நாற்று விளக்கு. கேரேஜ்ல இருக்கிற அத்தனையும். என் கேரேஜ்ல நீங்க மாட்டினதையும். அதுதான் என் டிவியைக் கெடுக்குது. ஜனவரியிலேர்ந்து கெடுக்குது. ரேடியோ வெச்சுக் கண்டுபிடிச்சேன். அன்னிக்கு நான் தபால் கொடுக்க வரல, உளவு பார்க்கத்தான் வந்தேன். உங்க ஹாட்டிஷ் எனக்கு வேண்டாம். மூணு வாரமாத் தின்னு தின்னு வெறுத்துப்போச்சு. என் பொண்ணு ஆடறா. நான் பார்க்கணும். எழுந்து போய் அணைங்க!"

எங்கள் ஊரில் ஒருத்தி இப்படிப் பேசினால் அடுத்த பத்து வருஷத்துக்கு யாரும் அதைப் பற்றி வாய் திறக்கமாட்டார்கள். ஆனால் எல்லோருக்கும் தெரிந்திருக்கும்.

டெல்மர் "ஓ" என்றார். அவ்வளவுதான். கதவருகே போய் ஒரு பூட்ஸை மாட்டினார், அதன் கயிற்றைக் கட்டினார், அடுத்ததை மாட்டினார். அவர் முகம் சிவந்திருந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட, கயிற்றை அப்புறம் கட்டக்கூடாதா இந்த மனுஷன் என்று ஆத்திரமாக இருந்தது.

என் கேரேஜ் விளக்கு அணைந்தது. சதுரங்கள் பெரிதாயின. இரண்டு நிமிஷம் போயிற்று. அப்புறம் யாரோ திரையைத் துடைத்த மாதிரி படம் தெளிந்து நின்றது. பனித்தரையின் வெண்மை, ஸ்கேட் கீறிய கோடுகள், என் மகளின் முகமூடிக் கம்பிகள், எல்லாம் தெரிந்தன.

நான் தெளிவாகப் பார்த்த முதல் காட்சி இதுதான்: வெஸ்ட்ஃபீல்ட் பெண் ஒருத்தி ஓரத்திலிருந்து வட்டை மெதுவாகத் தள்ளினாள். அடிக்கக்கூட இல்லை. மாரிட் முன்கூட்டியே மண்டியிட்டாள். வட்டு அவள் இடது அக்குளுக்கும் உடம்புக்கும் நடுவே புகுந்து பின்னால் விழுந்து, கோட்டைத் தாண்டி நின்றது. 2–1.

பத்து வயதுப் பெண் பிடித்திருப்பாள். அதை டிவிக்காரர்கள் மூன்று கோணத்திலிருந்து மூன்று தடவை காட்டினார்கள். மூன்றும் அப்பழுக்கில்லாத தெளிவு. எனக்கு எழுந்து ஓடவேண்டும் போலிருந்தது. காலை நாற்காலியில் கிடத்தியிருந்தால் என்ன, கண்ணை மூடிக்கொள்ளலாமே. மூடவில்லை. மாரிட் தண்ணீர்க் குப்பியை எடுத்து, குடிக்காமல் திரும்ப வைத்ததைப் பார்த்தேன். மீதி ஆட்டத்தை, தலையணை ஒன்றின் மூலையைக் கடித்துக்கொண்டு, ஒரு நொடி விடாமல் பார்த்தேன்.

விடாமல் என்றால், கடைசிப் பகுதியில், மதியம் ஒரு மணி ஆகும் வரை. ஒரு வெஸ்ட்ஃபீல்ட்காரி தனியாக வட்டோடு கிளம்பினாள். குறுக்கே ஒருத்தரும் இல்லை, அவளும் என் மகளும் மட்டும். அப்போது திரை சதுரமாகி, நீலமாகி, "சிக்னல் இல்லை" என்றது. நான் வீறிட்டு அலறினேன். படம் திரும்பி வந்தபோது ஆட்டம் நின்றிருந்தது. கூட்டம் எழுந்து நின்று கத்திக்கொண்டிருந்தது, தோழிகள் மாரிட்டின் தலையில் தட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தக் காட்சியை மறுபடி காட்டுவதற்குள் டிவிக்காரர்கள் விளம்பரம் போட்டுவிட்டார்கள். 2–1 என்றே முடிந்தது. தோற்றோம்.

டெல்மர் கதவைத் தட்டிவிட்டு வாசலிலேயே நின்றார். உள்ளே வரவில்லை.

"நான் கையால அணைச்சதை ஒரு மணிக்கு டைமர் மறுபடி தானாப் போட்டுடுச்சு. ஜன்னல்ல வெளிச்சம் தெரிஞ்சதும் ஓடிப்போய்ப் பிளக்கையே பிடுங்கிட்டேன். ரொம்பக் கெட்டுப்போச்சா?"

"கொஞ்சம்."

"முதல்லயே சொல்லியிருக்கலாமே ரோண்டா. அன்னிக்கே அணைச்சிருப்பேன்."

"தெரியும் டெல்மர்."

"ஹாட்டிஷ் நிஜமாவே அவ்வளவு மோசமா?"

"முதல் ரெண்டும் நல்லா இருந்தது."

தலையாட்டிவிட்டுப் போனார். எப்போது மறுபடி சகஜமாவார் என்று தெரியவில்லை. ஈஸ்டருக்குள் ஆகலாம்.

ஐந்து மணிக்கு மாரிட் கூப்பிட்டாள். பின்னால் பஸ் இரைந்தது.

"கடைசியில ஒண்ணு பிடிச்சேன்ம்மா. தனியா வந்தாளே. பார்த்தியா?"

அந்தக் கேள்விக்கு எட்டு வருஷமாக என்னிடம் தயாராக ஒரு பதில் உண்டு. நாக்கு நுனி வரை வந்தது.

"இல்லடி. சரியா அந்த நேரம் பார்த்து டிவி போயிடுச்சு."

"ஓ" என்றாள். "சரி. பரவால்ல."

அந்தப் "பரவால்ல" எனக்கு நன்றாகத் தெரியும். கதவைச் சத்தமில்லாமல் சாத்துவது அது. நான் சொன்னது உண்மை. எட்டு வருஷப் பொய்யிலேயே இதுதான் மட்டமான பொய் மாதிரி கேட்டது. இந்த ஆண்டெனாவையும் அந்த டைமரையும் என்னையும் சேர்த்து அடித்து நொறுக்கலாம் போலிருந்தது.

"ஃபோனை வைக்காத மாரிட். ரெண்டாவது கோல்."

"என்ன ரெண்டாவது கோல்?"

"அது உள்ள போயிருக்கக் கூடாது. நீ முன்னாடியே மண்டி போட்டுட்ட. இடது கை உடம்போட ஒட்டல, அதுக்குள்ள நுழைஞ்சது. அவ அடிக்கக்கூட இல்ல, சும்மா தள்ளிவிட்டா."

சொல்லிவிட்டு உதட்டைக் கடித்தேன்.

"அப்பா பிரமாதம்னாரு" என்றாள். குரல் ஒரு மாதிரி இருந்தது. "கோச்சும் பிரமாதம்னாரு. பஸ்ல இருக்கிற அத்தனை பேரும் பிரமாதம்கிறாங்க. அதை மட்டும் ஒருத்தரும் சொல்லல. எனக்கு அது ஒண்ணுதான் கண்ணுக்குள்ளயே ஓடுது."

"எனக்கும்தான்."

"பிடிச்சிருக்கலாம் இல்லம்மா?"

"பிடிச்சிருக்கலாம்டி."

அவள் அழ ஆரம்பித்தாள். ஜனவரிக்குப் பிறகு என்னிடம் அவள் மனசுவிட்டு எதையும் சொன்னதில்லை, அழுததும் இல்லை. ஃபோனை வைக்காமல், மூக்கை உறிஞ்சி உறிஞ்சி, முழங்கால் எங்கே இருந்தது, கை எங்கே இருந்திருக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே அழுதாள். நான் குறுக்கே ஒரு வார்த்தை பேசாமல், ஊர் எல்லைக்கு பஸ் வந்து சேரும் வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தேன்.